சீனி வருத்தமும் நேர்ஸ்மாரும்: நாம் அறிய வேண்டிய நூறு வருடக் கதை



நோன்பு நெருங்கும்போது நம் ஊர்களில் ஒரு கேள்வி சுற்றிவரும்: "சீனி இருக்கிறது, நோன்பு பிடிக்கலாமா?" பள்ளிவாசல் முற்றத்தில் கேட்போம், பார்மசியில் கேட்போம், வட்ஸ்அப்பில் கேட்போம். கிளினிக்கில் நம் கொப்பியைப் பார்க்கும் நேர்ஸிடம் கேட்பவர்கள் மிகக் குறைவு. அவரிடம் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நம் மூத்தம்மாமார் காலத்தில் வருத்தம் என்றால் வந்து போகும், அல்லது ஆளைக் கொண்டு போகும். 1934-35 மலேரியாவில் மட்டும் இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கி, வீடு தேடிச் செல்லும் மருத்துவிச்சியும் சுகாதாரத் தாதியும் பரிசோதகரும் மெல்ல மெல்ல நாடெங்கும் வந்தார்கள். 1946இல் சுமார் 43 வயதாக இருந்த சராசரி ஆயுள் இன்று 75ஐத் தாண்டிவிட்டது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது.

ஆயுள் கூடியது. கூடவே ஆயுள் முழுக்க இருக்கும் வருத்தங்களும் கூடின. 2005-06இல் நடந்த தேசிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி இருந்தது. சீனி வருவதற்கு முந்திய நிலையில் இருந்தவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர்.

1922க்கு முன் சிறு பிள்ளைக்குச் சீனி வந்தால், பட்டினி போட்டுக் கொஞ்ச நாளை நீட்டலாம், அவ்வளவுதான். 1921இல் கனடாவின் டொரண்டோவில் பான்டிங், பெஸ்ட் குழுவினர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மரணத்தின் வாசலில் கிடந்த அந்தப் பிள்ளை அதன்பின் 13 வருடங்கள் வாழ்ந்தான்.

மருந்து கிடைத்ததோடு பிரச்சினை தீரவில்லை. இன்சுலின் கூடினால் ஆள் மயங்கி விழுவார், குறைந்தால் சீனி ஏறும். ஒவ்வொரு நாளும் வீட்டில் இருந்தபடி அளந்து, ஊசி போட்டு, அதற்கேற்பச் சாப்பிட வேண்டும். டொக்டர் எத்தனை வீட்டுக்குப் போவார்? அமெரிக்காவின் பொஸ்டனில் இருந்த டொக்டர் எலியட் ஜொஸ்லின் இதற்கு ஒரு வழி கண்டார். நேர்ஸ்மாரைப் பயிற்றுவித்து, நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். ஊசி போடுவது, உணவை அளப்பது, காலைப் பராமரிப்பது எல்லாவற்றையும் அவர்கள் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் படிப்பித்தார்கள். ஆசிரியர்களான நமக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். இந்த வருத்தத்தில் பாதி வைத்தியம் படிப்பித்தல்தான்.

இதற்கான ஆதாரம் 1993இல் கிடைத்தது. இன்சுலினில் வாழும் 1,441 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வின் முடிவு அந்த வருடம் வெளியானது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில் கண் பாதிப்பு ஏற்படும் ஆபத்து 76 வீதம் குறைந்தது. அவர்களோடு அடிக்கடி பேசி, அளவுகளைத் திருத்தி, சோர்ந்தவர்களைத் தூக்கிவிட்டதில் நேர்ஸ்மாருக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். 1971இல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அவசியமான மருந்துகளை நியாய விலையில் நாட்டுக்குக் கொண்டுவருவதே நோக்கம். இன்று அரச கிளினிக்கில் காசு கொடுக்காமல் நாம் வாங்கும் குளிசைக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

2004 டிசம்பர் 26 நமக்கு இன்னொரு பாடம் தந்தது. அம்பாறை மாவட்டம்தான் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. உயிர் தப்பி முகாமுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேரிடம் மருந்தும் இல்லை, கிளினிக் கொப்பியும் இல்லை. என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லத் தெரியாமல் தவித்தார்கள். தன் மருந்தின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தவருக்கு வேலை இலகுவானது. 2020 ஊரடங்கில் தபால்காரர்கள் கிளினிக் மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் கொப்பியில் இருந்த விபரம்தான் கைகொடுத்தது. கொப்பியின் பக்கங்களை இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது நோன்பு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், அடிக்கடி சீனி இறங்குபவர்கள் நோன்புக்கு ஆறேழு வாரம் முன்பே கிளினிக்கில் பேச வேண்டும். குளிசையின் நேரமும் அளவும் மாறலாம். நாமாக மாற்றக்கூடாது. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் கருத்து. 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பைத் திறக்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. இன்சுலினை எப்படி வைப்பது, ஊசி போடும் இடத்தை எப்படி மாற்றுவது, காலில் கொப்புளம் வந்தால் என்ன செய்வது, எல்லாவற்றையும் நேர்ஸிடம் கேளுங்கள். சின்னக் காயத்தைக் கவனிக்காமல் விட்டுக் காலை இழந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. உயிரியல் படிக்கும் பிள்ளை டொக்டராக வேண்டும் என்று துஆ கேட்கிறோம். தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பம் வந்தால், "நைட் டியூட்டி, சரிவராது" என்று மடித்து வைக்கிறோம். அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஃத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நம் உம்மாமாரின் மொழியில், அவர்களின் சமையலறையைத் தெரிந்த ஒருவர் சோற்றின் அளவைச் சொல்லித் தந்தால் அது மனதில் பதியும். அந்த ஒருவர் நம் வகுப்பறைகளில்தான் இருக்கிறார். மகளானாலும் மகனானாலும் தடுக்காதீர்கள்.

அடுத்த கிளினிக் திகதியைக் கொப்பியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் ஒருவருக்கு இதைப் பகிருங்கள். வஸ்ஸலாம்.