கேட் வடிவவியல் இறக்குமதி

கேட் வடிவவியல் இறக்குமதி என்பது, கேட் எனப்படும் கணினிவழி வடிவமைப்பு மென்பொருளில் வரையப்பட்ட ஒரு பொருளின் முப்பரிமாண வடிவத்தை, அதன் வலிமையைக் கணக்கிடும் முடிவுறு கூறு மென்பொருளுக்குள் கொண்டுசெல்லும் செயல் ஆகும். ஃபைனைட் எலிமென்ட் மெத்தட் என்று பொறியியல் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் முடிவுறு கூறு முறையில், பொருள் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் தகைவும் திரிபும் கணக்கிடப்படுகின்றன. இக்கூறுகளின் தொகுதி வலை எனப்படும். கோப்பு திறந்து, படம் திரையில் தெரிந்துவிட்டாலே இறக்குமதி முடிந்தது என்று மாணவர் பலர் கருதுவதுண்டு. பெரும்பாலான சிக்கல்கள் அதன் பின்னரே தொடங்குகின்றன.

கோப்பு வடிவங்கள்

1980 இல் வெளிவந்த ஐஜெஸ் வடிவம் பெரும்பாலும் தனித்தனிப் பரப்புகளையே கடத்தப் பயன்பட்டது. 1994 இல் ஐ.எஸ்.ஓ 10303 என்னும் தரமாக வெளிவந்த ஸ்டெப், எந்தப் பரப்பு எதனுடன் இணைகிறது என்பதையும் அலகுகளையும் சேர்த்துக் கடத்தவல்லது. முப்பரிமாண அச்சுக்கு ஏற்பட்ட எஸ்டிஎல் வடிவத்தில் வெறும் முக்கோணங்களே உள்ளன, அலகு குறிக்கப்படுவதில்லை. ஃபிரீகேட், ஜிமெஷ், சலோம் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் ஸ்டெப் கோப்பைப் படிக்க ஓப்பன் கேஸ்கேட் என்னும் நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. அது 1999 இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது.

இடைவெளிகள்

இரு வளைபரப்புகள் சந்திக்கும் விளிம்பைக் கணினி தோராயமாகவே கணிக்கிறது. ஏற்கத்தக்க பிழையளவு மென்பொருளுக்கு மென்பொருள் மாறுபடும். ஆதலால் ஒன்றில் மூடியிருந்த திண்மம், மற்றொன்றில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளுடன் திறந்த பரப்புகளின் குவியலாக வந்து சேரலாம். அதற்குள் வலை பின்ன இயலாது. இவ்விடைவெளிகளை மூடுவதைத் தைத்தல் என்பர். பிழையளவைத் தாராளமாகக் கூட்டித் தைத்தால் இடைவெளியுடன் உண்மையான சிறு துளைகளும் படிகளும் மறைந்துபோகும்.

மெல்லிய உறுப்புகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வறண்ட நிலத்திற்குத் தெற்கே, இராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே 2016 இல் 648 மெகாவாட் சூரிய ஒளி மின் நிலையம் அமைக்கப்பட்டது. அங்குள்ள தகடுகள் ஏறத்தாழ 25 இலட்சம். இத்தகைய நிலையங்களில் தகடுகளைத் தாங்குவது துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டகமே. மரமற்ற வெட்டவெளியில் அதன் மீது விழும் முதன்மைப் பளு காற்றாகும். ஒரு சட்டக உறுப்பில் செய்யும் பிழை ஆயிரக்கணக்கான உறுப்புகளில் திரும்ப நேரும் என்பதால் இவ்வகைக் கட்டமைப்பு நல்ல எடுத்துக்காட்டாகும்.

6 மீட்டர் நீளமும், விரித்தால் 200 மி.மீ. அகலமும், 2 மி.மீ. தடிமனும் உள்ள ஓர் உறுப்பைக் கொள்வோம். கேட் கோப்பில் வந்த திண்மத்தை அப்படியே 1 மி.மீ. கனசதுரங்களாகப் பிரித்தால் 24 இலட்சம் கூறுகள் தேவைப்படும். அப்போதும் தடிமன் வழியே இரண்டு கூறுகளே இருக்கும். மாறாக, தடிமனின் நடுவே செல்லும் நடுப்பரப்பை மட்டும் எடுத்து 20 மி.மீ. சதுர ஓட்டுக் கூறுகளாக்கினால் 3,000 போதும். தடிமன் ஓர் எண்ணாகக் கொடுக்கப்படும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு தகடு மற்றொன்றின் முகத்தில் முட்டிப் பற்றவைக்கப்பட்டிருந்தால், நடுப்பரப்புகளுக்கிடையே அரைத்தடிமன், அதாவது 1 மி.மீ., இடைவெளி விழும். படத்தில் ஒட்டியதுபோல் தோன்றினாலும் கணக்கில் அவை இரு வேறு பொருள்கள். நீட்டி இணைப்பது பயனரின் பொறுப்பு.

எழுத்துப் பொறிப்புகள், வெளிவிளிம்பு மழுக்கல்கள் போன்றவற்றை நீக்குவது வழக்கம். ஆனால் பளு தாங்கும் உள்மூலையின் வளைவை நீக்கக் கூடாது. கூர்மையான உள்மூலையில், வலையை நுண்மையாக்கும்தோறும் தகைவு எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும், அவ்வெண்ணுக்குப் பொருளில்லை.

அலகுகள்

கால்குலிக்ஸ், அபாகஸ் போன்ற கணிப்பு நிரல்களுக்கு அலகே தெரியாது. வடிவம் மில்லிமீட்டரிலும் விசை நியூட்டனிலும் இருந்தால், எஃகின் அடர்த்தியை 7,850 என்று கொடுக்கலாகாது; கன மில்லிமீட்டருக்கு டன் அளவில் 0.00000000785 என்று கொடுக்க வேண்டும். எளிய சோதனை நிறையைப் பார்ப்பதே. மேற்கூறிய உறுப்பின் நிறை 18.84 கிலோகிராம். மில்லிமீட்டர் அங்குலமாகப் படிக்கப்பட்டிருந்தால் அதுவே சுமார் 309 டன்னாகக் காட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாத இச்சோதனையைப் பலர் செய்வதில்லை.

ஸ்லைப்னர் விபத்து

1991 ஆகத்து 23 அன்று நோர்வேயின் கான்ட்ஸ்ஃபியோர்டில், ஸ்லைப்னர் ஏ எண்ணெய்-எரிவாயு மேடையின் கற்காரை அடித்தளம் சோதனையின்போது உடைந்து மூழ்கியது. உயிரிழப்பு இல்லை, இழப்பு சுமார் 70 கோடி அமெரிக்க டாலர். இது கோப்பு இறக்குமதிப் பிழையன்று, அதற்கடுத்த படியில் நேர்ந்தது. உருளை அறைகளுக்கு இடைப்பட்ட முக்கோணப் பகுதியை வலை சரிவரப் பிரதிபலிக்காததால், அங்கு வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. கம்பிகளின் அமைப்பும் போதியதாக இல்லை.

மாற்று முயற்சி

இறக்குமதிப் படியையே தவிர்க்கும் நோக்குடன், 2005 இல் தாமஸ் ஹியூஸ், காட்ரெல், பசிலெவ்ஸ் ஆகியோர் சமவடிவவியல் பகுப்பாய்வு என்னும் முறையை முன்வைத்தனர். கேட் மென்பொருள் வளைபரப்புகளை விவரிக்கும் அதே சார்புகளைக் கொண்டே தகைவையும் கணிப்பது இதன் அடிப்படை. ஆயினும் கேட் கோப்புகள் பெரும்பாலும் மேற்பரப்புகளை மட்டுமே விவரிப்பதால், திண்மத்தின் உட்புறத்திற்கு அச்சார்புகளை விரிவுபடுத்துவது கடினமான ஆய்வுப் பணியாகவே உள்ளது.