ரெக்சினும் பசையும்: நகல் கார்களின் உட்புறம்

போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல் ஒன்றை வெளியே நின்று பார்த்து எடைபோடுவது வீண் வேலை. அசல் உடலின் மேல் அச்சு எடுத்து, அதில் கண்ணாடி இழையையும் பிசினையும் பூசி உரித்தால் வளைவுகள் அப்படியே வந்துவிடும். கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். விரிப்பு எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, ரெக்சின் எங்கே மடிக்கப்பட்டிருக்கிறது, மானிகள் எந்த வண்டியிலிருந்து கழற்றியவை என்பவைதான் இந்தத் தொழிலின் கதையைச் சொல்லும். உட்புறம் அரைகுறையாக வருவதும், வாங்கியவர் அதை வீட்டிலேயே ஒப்பேற்றுவதும் நகல் காரின் பலவீனம் என்பது பொதுவான பேச்சு. வரிச் சட்டமும், அடிச்சட்டம் தந்த பழைய வண்டியும் சேர்ந்து அதை அப்படி ஆக்கின என்பதே என் கட்சி.

ஸ்பீட்ஸ்டரே சிக்கனத்தில் பிறந்த வண்டி. அமெரிக்காவில் போர்ஷே விற்ற மாக்ஸ் ஹாஃப்மன் மலிவான திறந்த கார் வேண்டும் என்று வற்புறுத்த, 1954இல் 2,995 டாலருக்கு அது வந்தது. ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடி கிடையாது, செருகு திரைகள்தான். இருக்கைகளும் எளியவை. 1970களில் கலிபோர்னியாவில் இன்டர்மெக்கானிக்கா போன்ற பட்டறைகள் இதை நகலெடுத்தபோது அடியில் வைத்தது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தரைச்சட்டத்தை. பீட்டிலின் முன்பின் சக்கர இடைவெளி 2,400 மி.மீ., 356க்கோ 2,100தான். ஆகவே தரையைக் குறுக்கே அறுத்து, ஏறக்குறைய ஓர் அடியை எடுத்துவிட்டு மறுபடி வெல்டு வைக்க வேண்டும். அந்த அறுப்போடு, பீட்டிலுக்கென்று கடையில் தைத்து விற்கும் விரிப்பு உதவாமல் போகிறது. காகிதத்தில் அளவெடுத்து, நடுமேட்டுக்குத் தனித் துண்டு வெட்டி, கியர் கம்பிக்கும் கைபிரேக்குக்கும் துளை விட்டு, ஓரம் பிரியாமல் பட்டி தைத்து ஒட்டியாக வேண்டும். கதவுப் பலகை சுலபம். கண்ணாடி சுற்றும் கைப்பிடியே இல்லாததால் ஒரு ஹார்ட்போர்டு, மெல்லிய ஃபோம், மேலே ரெக்சின், அவ்வளவுதான். மூலையில் ஆப்பு வடிவில் கத்தரித்துவிட்டு மடிக்காவிட்டால் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். மானிகளில்தான் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டும். பீட்டிலில் ஒரே பெரிய வட்டம், ஸ்பீட்ஸ்டரில் மூன்று. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மானிக்கு இக்னிஷன் காயிலிலிருந்து தனி ஒயர் இழுத்தாக வேண்டும்.

வீட்டில் வேலையை முடிக்கும் இந்தப் பழக்கம் பிரிட்டனில் வேர்விட்டதற்குக் காரணம் வரி. 1940இல் வந்த கொள்முதல் வரி முழுமையான காருக்கு உண்டு, உதிரியாக வாங்கிப் பூட்டிக்கொள்ளும் காருக்கு இல்லை. காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் உதிரியாகவே பெருமளவு விற்றது. பழைய ஃபோர்டு, ஆஸ்டின் அடிச்சட்டங்களின் மேல் மாட்டிக்கொள்ள வெறும் கண்ணாடி இழைக் கூடு விற்றவர்களும் அப்போது இருந்தார்கள். உள்ளே என்ன வைப்பது என்பது வாங்கியவர் பாடு. 1973 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி வந்து இந்தச் சலுகை போயிற்று. பழக்கம் போகவில்லை.

நகல் என்றாலே போலிதானே, போலிக்கு எதற்கு இத்தனை பெருமை என்று கேட்கலாம். ஃபெராரியும் நீதிமன்றம் போய்த்தான் கேட்டது. டேடோனா ஸ்பைடர், டெஸ்டரோசா நகல்களுக்கு எதிரான அமெரிக்க வழக்கில் 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் அந்த நிறுவனத்தின் பக்கமே நின்றது. ஆனால் அங்கே விவாதிக்கப்பட்டது வெளித்தோற்றம். உட்புறம் யாரையும் ஏமாற்றுவதில்லை. 1984 முதல் 1988 வரை வந்த பான்டியாக் ஃபியரோ, உடல் தகடுகளைக் கழற்றி மாற்ற வசதியானது என்பதால் பல ஃபெராரி நகல்களுக்கு அடியானது. அதன் பெட்ரோல் டாங்க் இரு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள மேட்டுக்குள் இருக்கிறது. மேலே எவ்வளவு தோல் தைத்துப் போர்த்தினாலும் அந்த மேட்டைத் தாழ்த்த முடியாது; உட்கார்ந்த மாத்திரத்தில் இது என்ன வண்டி என்று தெரிந்துவிடும்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. விமான பாணி சுவிட்சும், மடிக்காத அலுமினியத் தகட்டின் விளிம்பும் விபத்தில் முட்டியையும் முகத்தையும் கிழிக்கும். பிரிட்டனில் 1990களில் தனிக் கார்களுக்கான அங்கீகாரச் சோதனை வந்தபின், கைக்கும் தலைக்கும் எட்டும் கூர்விளிம்புகளை மழுக்குவது கட்டாயமாயிற்று. நல்ல விதி. ஆனாலும் அதை நிறைவேற்றும் வேலை வீட்டுப் பட்டறைக்கே வந்தது: ரப்பர் பட்டியும் அரமும் வாங்கிக்கொண்டு கட்டியவர்களே உட்கார்ந்தார்கள்.

அமெரிக்கா 2015இல் வேறு வழியில் போனது. குறைந்தது 25 ஆண்டுக்கு முந்தைய கார்களின் நகலை முழுமையாகக் கட்டியே விற்க ஒரு சட்டம் சிறு நிறுவனங்களை அனுமதித்தது. அதற்கான விதிகள் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தன. உச்சவரம்பு ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 325 வண்டி.