முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்

சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஓர் அழைப்பிதழோடு என்னைக் காண வந்தார். அவர் பயின்ற கல்லூரியின் பழைய மாணவர் சந்திப்புக்கான அழைப்பு அது. “போக மனமில்லை சாமி. அங்கே எனக்கு நேர்ந்ததை மறக்க முடியவில்லை. ஆனால் இதைக் கிழித்துப் போடவும் கை வரவில்லை” என்றார். நேர்ந்தது என்னவென்று நான் கேட்கவில்லை. அவர் சென்ற பின் என் நினைவுக்கு வந்தவர் புனித ஜான் ஹென்றி நியூமன். குருமடத்தில் நாங்கள் அவரை இறையியலாராகப் படித்தோம். மனச்சான்றைப் பற்றி அவர் எழுதியவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ஆனால் கல்லூரிக்குத் திரும்பிய ஒரு பழைய மாணவராக அவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

1801 பிப்ரவரி 21இல் இலண்டனில் பிறந்த நியூமன், தம் பதினாறாம் வயதில், 1817 ஜூன் மாதம், ஆக்ஸ்போர்டிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் தங்கிப் படிக்க வந்தார். கூச்சம் மிகுந்த அந்தச் சிறுவனுக்கு அங்கே முதல் துணையாக அமைந்தவர் ஜான் வில்லியம் பௌடன். பௌடன் மூன்று ஆண்டுகள் மூத்தவர். இருவருக்கும் பிறந்தநாள் ஒன்றே. அந்த நட்பு 1844இல் பௌடன் இறக்கும்வரை குன்றவில்லை.

படிப்பில் நியூமன் எல்லாரும் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1820இல் நடந்த இறுதித் தேர்வுக்கு அவர் உடல் சோர்ந்துபோகும் அளவுக்கு உழைத்தார். தேர்வுக்கோ எதிர்பார்த்ததற்கு ஒருநாள் முன்பாகவே அழைக்கப்பட்டுத் தடுமாறினார். கணிதத்தில் சிறப்பு வகுப்புப் பட்டியலில் பெயரே இல்லை. செம்மொழிப் பாடத்திலும் தாழ்ந்த இடமே கிடைத்தது. ஆயினும் இரண்டு ஆண்டுகள் கழித்து ஓரியல் கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்குப் போட்டியிட்டார். அது அந்நாளில் ஆக்ஸ்போர்டு தரக்கூடிய மிக உயர்ந்த மதிப்பு. தேர்வின் நடுவே அவர் மனம் உடைந்து விலக நினைத்தபோது, டிரினிட்டியில் அவருடைய ஆசிரியராக இருந்த தாமஸ் ஷார்ட் அவரைத் தம் அறைக்கு அழைத்தார். தாம் உண்டுகொண்டிருந்த ஆட்டிறைச்சி உணவில் பங்கு தந்து, ஊக்கமூட்டி அனுப்பினார். 1822 ஏப்ரல் 12 அன்று ஓரியல் கல்லூரிப் பணியாளர் ஒருவர் வெற்றிச் செய்தியோடு வந்தபோது நியூமன் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். செய்தியை அமைதியாகக் கேட்டு வாசிப்பைத் தொடர்ந்தவர், வந்தவர் படியிறங்கியதும் வயலினை எறிந்துவிட்டு ஓரியலை நோக்கி ஓடினாராம்!

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆக்ஸ்போர்டே அவருடைய வாழ்வாயிற்று. 1828இல் பல்கலைக்கழகக் கோவிலான தூய மரியா ஆலயத்தின் பங்குத் தலைவரானார். 1833இல் கீபிள், பியூசி முதலிய நண்பர்களோடு ஆங்கிலிக்கன் சபையைத் தொடக்கத் திருச்சபையின் நெறிக்கு மீட்க முயன்றார். ஆனால் திருச்சபைத் தந்தையரை ஆழ்ந்து படிக்கப் படிக்க, உண்மை அவரை வேறொரு திசைக்கு அழைத்தது. 1842இல் அருகிலுள்ள லிட்டில்மோர் சிற்றூருக்கு ஒதுங்கினார். 1845 அக்டோபரில் ஓரியல் பதவியைத் துறந்தார். அதே மாதம் 9ஆம் நாள் திருப்பாடுகளின் சபைத் துறவியான தொமினிக் பார்பெரி அவரைக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொண்டார்.

அந்த முடிவின் விலை என்னவென்று இன்று நமக்கு எளிதில் விளங்காது. ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடாதவர் அந்நாளில் ஆக்ஸ்போர்டில் மாணவராகச் சேரவே முடியாது. எனவே கத்தோலிக்கரான நாளில் நியூமன் இழந்தது ஒரு பதவியை மட்டுமன்று. தம் இளமை முழுவதையும் வைத்திருந்த வீட்டை. 1846 பிப்ரவரி 23 அன்று, 45 வயது நிறைந்த இரண்டாம் நாள், அவர் ஆக்ஸ்போர்டை விட்டுப் புறப்பட்டார். டிரினிட்டியில் முதலாண்டில் தங்கிய அறைக்கு எதிர்ச்சுவரில் ஸ்நாப்டிராகன் என்னும் பூச்செடி பூத்துக் கிடந்ததையும், தாமும் அதுபோலச் சாகும்வரை அங்கேயே வேரூன்றியிருப்போம் என்று எண்ணியதையும் பின்னர் எழுதினார். இரயிலில் போகும்போது தொலைவில் தெரியும் கோபுரங்களே அதன்பின் அவருக்கு ஆக்ஸ்போர்டு!

அயர்லாந்து ஆயர்களின் அழைப்பை ஏற்றுக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றை அமைக்க டப்ளின் சென்ற நியூமன், 1852இல் அங்கு ஆற்றிய சொற்பொழிவுகளில் வியப்பான ஒரு வாதத்தை வைத்தார். தேர்வு நடத்திப் பட்டம் மட்டும் தரும் பல்கலைக்கழகத்தைவிட, பாடமே நடத்தாவிட்டாலும் இளைஞர்களை மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாக வாழவைக்கும் இடமே மேல் என்றார். பௌடனோடு நடந்த மாலைகளும், ஷார்ட் தந்த ஒருவேளை உணவும் அந்த வாதத்தின் பின்னே நிற்கின்றன என்றே நான் எண்ணுகிறேன். தம்மைப் புறந்தள்ளிய இடத்திடமிருந்து தாம் பெற்ற நன்மையை அவர் மறுக்கவில்லை; அதையே தம் மக்களுக்கு வழங்க முயன்றார்.

கதவு ஒருபுறம் மட்டும் அடைபடவில்லை. 1864 முதல் 1867 வரை ஆக்ஸ்போர்டில் கத்தோலிக்க மறைப்பணி மையம் ஒன்றைத் தொடங்க அவர் திட்டமிட்டு நிலமும் வாங்கினார். அவர் அங்குச் சென்றால் கத்தோலிக்க இளைஞர்களும் பின்தொடர்ந்து சென்று விசுவாசத்தை இழப்பர் என்று நம் தரப்பிலேயே பலர் அஞ்சினர், திட்டம் கைவிடப்பட்டது. 1868இல் லிட்டில்மோரை மட்டும் ஒருமுறை காண வந்தார். பழைய கோவிலின் வாயிலில் முதியவர் ஒருவர் சாய்ந்து நின்று அழுவதைக் கண்டவர்கள், அவர் நியூமன் என்பதைப் பின்னரே அறிந்தனர்.

கதவு மெல்லத் திறந்தது. தம் நேர்மையைப் பழித்த ஒருவருக்கு மறுமொழியாக 1864இல் நியூமன் தம் வாழ்வின் வரலாற்றை எழுதினார். தாம் விட்டு வந்த நண்பர்களைப் பற்றி அந்நூலில் கசப்பு இல்லை. அது பல ஆங்கிலேயரின் மனத்தை மாற்றியது. 1871இல் பல்கலைக்கழகங்களின் சமயத் தடைகள் பெரும்பாலும் சட்டத்தால் நீக்கப்பட்டன. 1877 டிசம்பரில் டிரினிட்டி கல்லூரி தன் முதல் மதிப்புறு உறுப்பினராக நியூமனை அழைத்தது. அவர் தம் ஆயரைக் கலந்துகொண்ட பின் ஏற்றார்.

1878 பிப்ரவரி 26. 77 வயது நிறைந்த ஐந்தாம் நாள் நியூமன் ஆக்ஸ்போர்டில் இறங்கினார். கல்லூரி மண்டபத்தில் எல்லாரோடும் விருந்துண்டார். தாமஸ் ஷார்ட் அப்போதும் உயிரோடிருந்தார்! 56 ஆண்டுகளுக்கு முன் தமக்கு உணவளித்த ஆசிரியரை மாணவர் கண்டார். பழைய நண்பர் பியூசியையும் சென்று பார்த்தார். கீபிள் 1866இலேயே இறந்துவிட்டார். அவர் பெயரால் எழுந்த புதிய கல்லூரியை மட்டுமே காண முடிந்தது. பௌடனின் இடமும் வெறுமையாக இருந்தது. திரும்பிச் செல்வோர் எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதில்லை.

இந்த வருகையில் என்னைத் தொடுவது ஒன்று. கத்தோலிக்கரானது தவறு என்று நியூமன் சொல்லவில்லை. சொல்லும்படி கல்லூரி கேட்கவும் இல்லை. தாம் ஆங்கிலிக்கன் மரபில் வந்தவர்கள் என்பதை டிரினிட்டியினர் மறைக்கவில்லை. மறைக்கும்படி அவரும் கேட்கவில்லை. நடந்தது நடந்ததாகவே இருக்க, நன்றி மட்டும் இருபுறமும் கைநீட்டியது. மறுஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அவரைக் கர்தினாலாக உயர்த்தியபோது, இதயம் இதயத்தோடு பேசுகிறது என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரைத் தம் விருதுவாக்காகத் தேர்ந்தார். 2019இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 2025 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அந்த ஆசிரியரிடம் இவற்றைச் சொன்னேன். போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நெடுநேரம் பேசாதிருந்தவர், “எனக்குக் கணக்கு நடத்தியவர் இன்னும் இருக்கிறார் சாமி. என்னிடம் அவர் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை” என்றார். நமக்குத் தீங்கு நேர்ந்த இடத்திலும் நமக்குச் சோறிட்ட ஒருவர் இருந்திருப்பார். காயத்தை மறக்க இயலாதவர்கள் அவரையும் மறக்கவேண்டியதில்லை.