முதல் துணையின் தெரிவு: பொக்கேமொன் விளையாட்டுக்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு என்பது ஓய்வுப் பொழுதின் வெறுங் கேளிக்கை என்னும் எண்ணம் பரவலாகக் காணப்படுவதாகும். எனினும், ஒல்லாந்து வரலாற்றாசிரியரான யொஹான் ஹூயிசிங்கா 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூல், விளையாட்டைப் பண்பாட்டின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. ஒரு விளையாட்டின் விதிகள், அதனை ஆக்கியோரின் வாழ்க்கைச் சூழலையும் ஆடுவோரின் மனப்பாங்கையும் ஒருங்கே புலப்படுத்துவன. கணினி யுகத்து விளையாட்டுக்களும் இதற்கு விலக்கல்ல.

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி யப்பானில் சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புக்களாக வெளிவந்த பொக்கேமொன் என்னும் வீடியோ விளையாட்டின் தொடக்கக் காட்சி இவ்வகையில் ஆராயத்தக்கது. சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் ஊரெல்லையிலுள்ள உயர்ந்த புல்வெளிக்குள் காலடி வைக்கின்றான். காட்டு உயிரினங்கள் உலாவும் இடத்துக்குத் துணையின்றிச் செல்லலாகாது எனத் தடுக்கும் முதிய பேராசிரியர், அவனைத் தமது ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் செல்கின்றார். அங்கே மேசைமீது மூன்று பந்துகள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு விந்தை உயிரினம் உண்டு. சிறுவன் ஒன்றை மட்டுமே எடுக்கலாம். எடுத்தபின் மாற்றுதல் இயலாது. இம்மூன்றினுள் எது சிறந்தது என்னும் வினா அன்று தொடக்கம் இன்றுவரை ஆடுவோரிடையே வாதத்துக்குரியதாகவே இருந்து வருகின்றது. அவ்வினாவுக்குரிய விடைகளின் அடிப்படைகளையும், அவை காலந்தோறும் மாறியமைக்கான காரணங்களையும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றப் பின்னணி

இவ்விளையாட்டின் மூலவரான சதோஷி தஜிரி 1965ஆம் ஆண்டிற் பிறந்தவர். ரோக்கியோ நகரின் மேற்குப் புறத்திலுள்ள மச்சிதாவில் வளர்ந்த அவர், சிறுவயதில் வயல்களிலும் குளங்களிலும் பூச்சிகளைத் தேடிச் சேகரிப்பதில் பெருவிருப்புக் கொண்டிருந்தார். போருக்குப் பிந்திய யப்பானின் துரித நகராக்கம் அவ்வயல்களையும் குளங்களையும் படிப்படியாக விழுங்கியது. பூச்சி தேடும் இன்பத்தைப் பிற்காலச் சிறுவருக்கு மீட்டளிக்கும் விருப்பமே பொக்கேமொனின் ஊற்றாக அமைந்தது.

1983ஆம் ஆண்டில் தஜிரி 'கேம் ஃபிரீக்' என்னும் கையெழுத்து இதழொன்றை வெளியிடத் தொடங்கினார். அதற்கு ஓவியம் வரைய வந்த கென் சுகிமோரி பின்னர் பொக்கேமொன் உயிரினங்களுக்கு உருவங் கொடுத்தோருள் முதன்மையானவரானார். 1989ஆம் ஆண்டில் இதழ் நிறுவனமாக மாறியது. அதே ஆண்டில் நின்டென்டோ நிறுவனம் 'கேம் போய்' என்னும் கைக்கருவியை வெளியிட்டது. இரு கருவிகளை ஒரு கம்பி வடத்தினால் இணைத்து இருவர் போட்டியிட அது வழிசெய்தது. அவ்வடத்தைப் போட்டிக்கு மட்டுமன்றிப் பரிமாற்றத்துக்கும் பயன்படுத்தலாம் எனத் தஜிரி கண்டார். ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு வடத்தின் வழியே பூச்சியொன்று ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தமை பலரும் அறிந்த செய்தியாகும். அக்கற்பனை விளையாட்டாக நிறைவேற ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சென்றன.

விந்தை உயிரினங்களைத் துணையாகக் கொள்ளல் அக்காலத்தில் முற்றிலும் புதியதொன்றன்று. 1987ஆம் ஆண்டின் 'மெகாமி தென்செய்' விளையாட்டில் அசுரருடன் பேசி அவர்களைத் தன்பக்கம் சேர்க்க முடிந்தது. 1992ஆம் ஆண்டின் ஐந்தாம் 'ட்ராகன் குவெஸ்ட்' விளையாட்டிலும் வென்ற உயிரினங்கள் சில துணையாக வந்து சேர்ந்தன. பொக்கேமொனின் தனித்தன்மை, சேகரித்தலையும் பரிமாறுதலையும் விளையாட்டின் உயிர்நிலையாக்கியமையில் உள்ளது. தொடக்கத் தெரிவின் உட்பொருளை விளங்கிக்கொள்ள இவ்வுண்மை இன்றியமையாததாகும்.

2. மூன்றின் சுழற்சி

மேசையிலிருக்கும் மூன்றனுள் முதலாவது புல்பசோர். முதுகில் விதையொன்றைச் சுமக்கும் புல்வகை உயிரினம். இரண்டாவது சார்மண்டர், வால்நுனியில் தீச்சுடர் ஏந்திய பல்லி. மூன்றாவது ஸ்குவேர்ட்டில்; நீர்வகை ஆமைக்குட்டி. நீர் தீயை வெல்லும். தீ புல்லை வெல்லும். புல் நீரை வெல்லும். வெல்லும் வகையின் தாக்கம் இருமடங்காகும். தோற்கும் வகையின் தாக்கம் பாதியாகும்.

இவ்வாறு மூன்று ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் அமைப்பு யப்பானியப் பண்பாட்டில் நன்கு வேரூன்றியதாகும். கல், காகிதம், கத்தரிக்கோல் எனக் கைகளாற் காட்டி ஆடும் 'ஜங்கென்' உலகறிந்தது. அதனினும் பழைய 'முஷிகென்' என்னும் கைவிளையாட்டிலே பாம்பு தவளையையும், தவளை ஓடற்ற நத்தையையும், அந்நத்தை பாம்பையும் வெல்லும். இத்தகைய சுழற்சியில் முதலிடம் என்று ஒன்றில்லை. ஆகவே, மூன்றையும் தம்முள் மட்டும் ஒப்பிடும்போது 'சிறந்தது' என்னும் சொல்லே பொருளிழந்துவிடுகின்றது.

கதைப்போக்கும் இதனை வலியுறுத்துகின்றது. சிறுவன் தெரிவு செய்த உடனேயே பேராசிரியரின் பேரன், அதனை வெல்லக்கூடிய வகையைத் தனக்கென எடுத்துக்கொள்கின்றான். எதனை எடுத்தாலும் அதற்கு மாற்றான பகை உடனே தோன்றிவிடுகின்றது. ஆயின், இங்கு நுணுகி நோக்கவேண்டிய செய்தியொன்றுண்டு. ஆய்வுகூடத்திலேயே நிகழும் முதற் சண்டையில் இரு உயிரினங்களும் ஐந்தாம் படிநிலையில் உள்ளன. அந்நிலையில் அவற்றுக்கு மோதுதல், பிறாண்டுதல் போன்ற பொதுத் தாக்குமுறைகளேயன்றித் தீயோ நீரோ புல்லோ தெரியாது. ஸ்குவேர்ட்டில் எட்டாம் படிநிலையிலும், சார்மண்டர் ஒன்பதாம் படிநிலையிலும், புல்பசோர் பதின்மூன்றாம் படிநிலையிலுமே தத்தம் வகைக்குரிய தாக்குமுறையைப் பெறுகின்றன. புல்பசோர் ஏழாம் படிநிலையிற் பெறும் உறிஞ்சும் விதை நேரடித் தாக்குதலன்று. எனவே, பேரனின் சாதகம் அன்றைய வலிமையன்று. வருங்காலத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கையே எனலாம்.

3. பாதையே அளவுகோல்

மூன்றும் தம்முள் சமமாயின், வாதம் எங்கிருந்து எழுகின்றது? அது பாதையிலிருந்து எழுகின்றது. சிறுவன் எட்டு ஊர்களின் பயிற்சிக்கூடத் தலைவர்களை வென்று முன்னேற வேண்டும். ஒவ்வொரு தலைவரும் ஒரு வகையிலே தேர்ந்தவர். அவர்களின் வரிசை பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டது. அவ்வரிசையே மூன்று உயிரினங்களையும் ஏற்றத்தாழ்வு உடையனவாக்குகின்றது.

முதலாந் தலைவரான புரொக், பாறையும் நிலமும் கலந்த உயிரினங்களை வைத்துள்ளார். இருவகையும் புல்லுக்கும் நீருக்கும் பணிவனவாதலால் புல்பசோர், ஸ்குவேர்ட்டில் ஆகியவற்றின் தாக்கம் நான்கு மடங்காகின்றது. சார்மண்டரின் தீயோ பாதியாகின்றது. இரண்டாவது தலைவியான மிஸ்ட்டி நீர்வகையினர். சார்மண்டர் மீண்டும் இடர்ப்படுகின்றது. புல்பசோர் எளிதில் வெல்கின்றது. மூன்றாந் தலைவரின் மின்வகை ஸ்குவேர்ட்டிலை வருத்துகின்றது. புல்பசோரோ மின்தாக்கத்தைப் பாதியாகத் தாங்கிக்கொள்கின்றது. ஆகவே முதல் மூன்று கட்டங்களிலும் புல்பசோரே சிறந்ததென்னும் கூற்றுக்கு வலுவான ஆதாரம் உண்டு.

எனினும், அக்கூற்றைப் பாதை முழுவதற்கும் பொருத்துதல் தவறாகும். நான்காவது பயிற்சிக்கூடம் புல்வகைக்குரியது. அங்கு சார்மண்டரின் இனம் தலைநிமிர்கின்றது. பின்னர் வரும் உளவகைத் தலைவியின் முன் புல்பசோரின் இனத்துக்குரிய நச்சுக்கூறு குறைபாடாகின்றது. ஏழாவது தலைவரின் தீ அதனைச் சுடுகின்றது; ஸ்குவேர்ட்டிலின் இனமோ அத்தீயை அணைக்கின்றது. இறுதியில் நால்வர் அணியின் முதல்வியின் பனியும் புல்லுக்குப் பகையாகும். முன்னர் எளிமை தந்த தெரிவு பின்னர்த் துணை வேண்டி நிற்கின்றது. முன்னர்த் துன்பம் தந்தது பின்னர்ப் பயன் தருகின்றது.

விளையாட்டுக்கள் பலவற்றில் எளிது, நடுத்தரம், கடினம் என வெளிப்படையாகக் கேட்கப்படும் வினா, இங்கு மூன்று உயிரினங்களின் உருவில் மறைமுகமாக வைக்கப்படுகின்றது எனக் கொள்வதில் தவறில்லை. ஆனால் சிறுவனுக்கு அது வினாவாகத் தெரிவதில்லை. பாதையை அறியாத நிலையிலேயே அவன் தெரிவு செய்கின்றான். தீச்சுடர் ஏந்திய வாலைக் கண்டு மகிழ்ந்தவன், புரொக்கின் பாறைகளின் முன்னரே தன் விருப்பத்தின் விலையை அறிகின்றான். அப்பொழுதும் அவனுக்கு வழி அடைபடுவதில்லை. அப்பாறை உயிரினங்கள் மோதலைத் தாங்குவதில் வலியனவாயினும், தீ போன்ற சிறப்புத் தாக்கத்தைத் தாங்குவதில் மெலியன. பாதியான தீயும் பொறுமையுடன் வளர்க்கப்பட்டால் வெல்லும். மூன்றனுள் எதைக் கொண்டும் பாதையை முடிக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

4. பிற்கால மாற்றங்கள்

இச்சமனின்மையை ஆக்கியோர் பிற்காலத்தில் பலவாறு கையாண்டனர். 1998ஆம் ஆண்டின் மஞ்சள் பதிப்பில் தெரிவே நீக்கப்பட்டு, தொலைக்காட்சித் தொடரினாற் புகழ்பெற்ற பிக்காச்சு மட்டும் வழங்கப்பட்டது. அதன் மின்சாரம் புரொக்கின் உயிரினங்களை அறவே தாக்காது. மறுபுறத்தில், பழைய மூன்றும் வழியிலே ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1999ஆம் ஆண்டின் பொன், வெள்ளிப் பதிப்புக்களிலே சமனின்மை மேலும் கூர்மையடைந்தது. புல்வகைச் சிக்கொரீட்டாவை எடுத்தவர் முதலிற் பறவைகளையும் அடுத்துப் பூச்சிகளையும் எதிர்கொண்டனர். இரண்டும் புல்லுக்குப் பகை. மாறாக, 2002ஆம் ஆண்டின் மாணிக்கம், நீலமணிப் பதிப்புக்களில் மட்கிப் என்னும் நீர்வகை உயிரினம் பெருஞ் சாதகம் பெற்றது. அது உருமாறும்போது நிலவகையும் சேர்வதால், நீர்வகைக்கு இயல்பாயுள்ள மின்னச்சம் அதனை விட்டு நீங்குகின்றது.

2004ஆம் ஆண்டில் முதல் விளையாட்டு புத்துருப் பெற்றபோது, சார்மண்டருக்குப் பதின்மூன்றாம் படிநிலையில் உலோக நகத்தாக்கு வழங்கப்பட்டது. உலோகம் பாறையை வெல்வது. எட்டாண்டுகள் சிறுவர் பட்ட இடர் இவ்வாறு ஓரளவு தணிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் கறுப்பு, வெள்ளைப் பதிப்புக்கள் இன்னும் நேரடியான தீர்வைக் கண்டன. முதற் பயிற்சிக்கூடத்தில் மூன்று சகோதரர் உள்ளனர். சிறுவன் எதைத் தெரிந்தானோ அதனை வெல்லும் வகையுடைய சகோதரனே எதிர்நிற்பான். அதேவேளை, அவ்வூரிலேயே ஒரு பெண், அச்சகோதரனை வெல்லத்தக்க மற்றோர் உயிரினத்தைச் சிறுவனுக்கு அன்பளிப்பாகத் தருவாள். இங்கு மூவர்க்கும் ஒரே அளவு துன்பமும் ஒரே அளவு துணையும் கிடைத்தன.

2022ஆம் ஆண்டின் ஸ்கார்லெட், வயலெட் பதிப்புக்கள் பயிற்சிக்கூடங்களை விரும்பிய ஒழுங்கிற் சந்திக்க இடமளித்தன. தலைவர்களின் வலிமை ஆடுவோருக்கேற்ப மாறுவதில்லையாதலால், ஒழுங்கு முற்றாக மறைந்தது எனக் கூறுதல் இயலாது. ஆயினும், நிலையான பாதையை அளவுகோலாகக் கொண்டு எழுந்த பழைய விடைகள் தம் வலுவிற் பெரும்பகுதியை இழந்தன. பாதை நெகிழ்ந்ததும் 'சிறந்தது' என்பதன் பொருளும் நெகிழ்ந்தமை, அவ்விடைகள் யாவும் பாதையைச் சார்ந்தனவே என்பதற்குத் தக்க சான்றாகும்.

5. குறையின் பயன்

இதுகாறும் கூறியவை கணிப்பின் பாற்பட்டவை. ஆயினும், முதல் விளையாட்டின் தெரிவை அதன் காலச் சூழலில் வைத்து நோக்கும்போது மற்றோர் உண்மை புலனாகின்றது. மூன்றனுள் ஒன்றை எடுத்தவருக்கு ஏனைய இரண்டும் அந்த ஆட்டத்தில் எங்கும் அகப்படா. அனைத்தையும் சேகரிக்க விரும்புபவர், வேறு தெரிவு செய்த ஒருவரைத் தேடிச் சென்றே ஆகவேண்டும். சிவப்பிலும் பச்சையிலும் வெவ்வேறு உயிரினங்கள் கிடைக்குமாறு செய்யப்பட்டமையும் இதே நோக்கம் பற்றியதே. ஆகவே தொடக்கத் தெரிவு நிறைவைத் தருவதற்காக அமைந்ததன்று. ஒவ்வொருவரையும் வேறொரு வகையிற் குறையுடையவராக்கி, ஒருவரை மற்றவரிடம் அனுப்புவதற்காக அமைந்தது. யாவரும் 'சிறந்த' ஒன்றையே எடுத்திருப்பின் பரிமாறுவதற்கு எதுவும் எஞ்சியிராது.

தெரிவை மாற்ற விரும்பிய சிறுவனின் நிலை இதனைத் தெளிவாக்கும். அன்றைய விளையாட்டில் ஓர் ஆட்டத்தை மட்டுமே பதிந்து வைக்க முடிந்தது. மீண்டும் அம்மேசையின் முன் நிற்க விரும்புபவன், அதுவரை வளர்த்த அனைத்தையும் அழிக்க வேண்டும். அவற்றைக் காப்பதற்கு ஒரு வழி இருந்தது. அழிக்குமுன் தன் முதல் துணையை வடத்தின் வழியே நண்பனின் கருவிக்கு அனுப்பி வைத்து, புதிய ஆட்டத்திலே திரும்பப் பெறலாம். நண்பன் திருப்பித் தருவான் என்னும் நம்பிக்கையன்றி இதற்கு வேறு பிணையில்லை. திரும்பி வந்த உயிரினமும் புதிய ஆட்டத்தில் பிறருடையதாகவே கணிக்கப்படும். போதிய பதக்கங்களை வெல்லும்வரை அது சிறுவனின் சொற்கேளாது. தான் வளர்த்ததன் முன்னரே தன்னை மீண்டும் தகுதியுடையவனாக அவன் நிறுவ வேண்டியிருந்தது.

எனவே, தொடக்க உயிரினங்களுள் எது சிறந்தது என்னும் வினாவுக்குப் பாதையை மறந்து விடை கூறுதல் பொருந்தாது. கடினமான பாதையில் எளிய துணையைத் தெரிந்தவரும், விரும்பிய துணைக்காகக் கடினத்தை ஏற்றவரும் ஒரே முடிவிடத்தையே அடைந்தனர். அவர்களிடையே இருந்த வேற்றுமையே அவர்களை அந்தச் சிறு வடத்தின் இரு முனைகளிலும் அமர்த்தியது. வயலும் குளமும் மறைந்த நகரில், பிடித்த பூச்சியை அயல்வீட்டுச் சிறுவனுக்குக் காட்ட ஓடிய பழைய இன்பத்தை மீட்க முயன்ற விளையாட்டு, அதனை அம்மூன்று பந்துகளிலேயே தொடங்கி வைத்தது எனலாம்.