ஒரு வெள்ளிச் சங்கிலியும் அல்முதேனா என்ற பெயரும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கட்டாரில் நகைக்கடையொன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மெல்லிய வெள்ளிச் சங்கிலி. அதில் சில உருண்டை மணிகள், சில நீள மணிகள்.

"சேர், இது மோர்ஸ் கோட்ல எழுதின பேர். ஸ்பெயின்காரர் ஒருத்தர் மகளுக்குக் குடுக்க ஓடர் பண்ணினார். பேர் அல்முதேனா. கேக்க அரபுப் பேர் மாதிரி இரிக்கி. ஆனா அவங்க கிறிஸ்தவங்க. எப்படி சேர்?"

நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் ஒரு பாடவேளை முழுதும் போயிருக்கும்.

முதலில் மணிகளைப் பார்ப்போம். அமெரிக்கரான சாமுவேல் மோர்ஸ் 1844இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். அந்தக் குறியீட்டை உருவாக்கியதில் அவருடைய உதவியாளர் அல்ஃபிரட் வெய்லுக்கும் பங்கு உண்டு. அதிகம் பாவிக்கும் எழுத்துக்குச் சுருக்கமான குறி என்பதுதான் அடிப்படை. ஆங்கிலத்தில் ஈ என்ற எழுத்தே அதிகம் வரும். அதனால் அதற்கு ஒரே ஒரு புள்ளி. இன்று தந்தி போய்விட்டது, குறியீடு நகைக்கு வந்துவிட்டது. புள்ளிக்கு உருண்டை மணி, கோட்டுக்கு நீள மணி. அல்முதேனா என்று எழுத 11 உருண்டையும் 8 நீளமும் வேண்டும்:

• –   • – • •   – –   • • –   – • •   •   – •   • –

இனிப் பெயருக்கு வருவோம். நமக்கு 'மதீனா' தெரியும். நகரம் என்று பொருள். அதன் சிறுமை வடிவம் 'முதைனா'. 'அல்முதைனா' என்றால் சிறிய நகரம், கோட்டை. ஸ்பெயினின் தலைநகர் மட்ரிட் 9ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவின் அமீர் முதலாம் முஹம்மத் கட்டிய கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர். அந்த மதிலின் ஒரு துண்டு இன்றும் அங்கே நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டில் ஆறாம் அல்ஃபொன்சோ மன்னர் ஊரைக் கைப்பற்றியபோது, மதிலுக்குள் மறைத்து வைத்திருந்த மர்யம் அன்னையின் சிலை வெளிப்பட்டது என்பது அந்த மக்களின் ஐதீகம். கோட்டையின் பெயரால் 'அல்முதேனா அன்னை' என்றார்கள். அவரே மட்ரிட்டின் காவல் அன்னை. நவம்பர் 9 அவருடைய திருநாள். அந்தப் பெயரைத்தான் பெண் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள்.

இனிதான் விஷயம். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை கிரனாடாவில் அறிவிக்கப்பட்டது. அரபு பேசக்கூடாது, எழுதக்கூடாது, அரபுப் பெயர் வைக்கக்கூடாது. 1609க்கும் 1614க்கும் இடையில், ஞானஸ்நானம் பெற்றிருந்த முஸ்லிம் வம்சத்தினர் சுமார் 3 இலட்சம் பேரை நாட்டை விட்டே துரத்தினார்கள். ஆனால் தலைநகரின் காவல் அன்னையின் பெயரே அரபுச் சொல்! அதை எந்த ஆணையாலும் அழிக்க முடியவில்லை. யாரும் அதை அந்நியமாக நினைக்கவும் இல்லை.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 1580இல் இதே பிலிப் போர்த்துக்கலுக்கும் மன்னரானார். இலங்கையின் கரையோரமும் அந்த முடியின் கீழ் வந்தது. அந்தலூசிய முஸ்லிம்களை அழைத்த 'மூர்' என்ற சொல்லாலேயே போர்த்துக்கீசர் நம் முன்னோரையும் அழைத்தார்கள். சோனகர் என்பதற்கு ஆங்கிலத்தில் இன்றும் அதையே எழுதுகிறோம். அவருடைய பேரன் ஆண்ட 1626இல் போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்து, கிழக்கிலும் குடியேற்றினார். இதை வாசிக்கும் சிலரின் முன்னோர் அப்படி வந்தவர்களாக இருக்கலாம்.

மாணவருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "மகன், அது அவங்கட பேர்தான். எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷமா அன்போட வச்சிருக்கிறாங்க. எங்கட பேர் என்று சண்டைக்குப் போகாத. பொருளை மட்டும் ஒரு சின்னத் துண்டுல எழுதி அந்தப் பெட்டிக்குள்ள வை. அந்தப் பிள்ளை சந்தோஷப்படும்."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பெயரின் பொருள் தெரியுமா? இன்றிரவு கேட்டுப் பாருங்கள். சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்கள்.