சுவாசத்துக்குத் துணை நிற்கும் மென் ரோபோக்கள்: இரும்பு நுரையீரல் முதல் பெங்களூரு கருவி வரை

பெங்களூரு: தண்டுவடக் காயம், தசைச் சிதைவு நோய் போன்றவற்றால் பாதிக்கப்பட்டோர் பலருக்கு நுரையீரல் நலமாகவே இருக்கும், அதனை இயக்கும் தசைகளே தளர்ந்துவிடுகின்றன. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் வலுவிழந்தால், உறக்கத்தில் மூச்சின் ஆழம் குறைந்து, இரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறது. வயிற்றுத் தசைகளும் தளர்ந்தால், இருமிச் சளியை வெளியேற்றுவதும் கடினமாகிறது. இத்தகையோருக்கு உதவும் நோக்கில், உடலில் அணியக்கூடிய மென் ரோபோக்கள் குறித்த ஆய்வுகள் நடைபெறுகின்றன.

வெளியிலிருந்து உள்ளே

உடலுக்கு வெளியிலிருந்து சுவாசத்தை இயக்கும் முயற்சி புதிதன்று. 1928-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பயன்பாட்டுக்கு வந்த 'இரும்பு நுரையீரல்', தலையைத் தவிர நோயாளியின் உடல் முழுவதையும் ஓர் உருளைக்குள் அடக்கியது. உருளையினுள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து, மூச்சு உள்ளே சென்றது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் கையால் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினர். அதன்பின் காற்றை உள்ளே செலுத்தும் முறையே பரவலாயிற்று.

பெங்களூருவில் உள்ள தேசிய விமானவியல் ஆய்வகம் (என்ஏஎல்), கரோனா பரவலின்போது 2020-இல், 36 நாட்களில் உருவாக்கிய 'ஸ்வஸ்த் வாயு' கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. தொண்டையில் குழாய் செருகாமல், முகக்கவசம் வழியாக இது காற்றைச் செலுத்துகிறது. விமானவியலில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, காற்றழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து தானே சரிசெய்யும் கட்டுப்பாட்டு முறை இதில் அமைக்கப்பட்டது.

மென் ரோபோ எவ்வாறு இயங்குகிறது?

துணி, ரப்பர், சிலிகான் ஆகியவற்றாலான காற்றுப் பைகளே மென் ரோபோவின் தசைகள். 1950-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன், போலியோவால் பாதிக்கப்பட்ட தம் மகளுக்காக இத்தகைய செயற்கைத் தசையை உருவாக்கினார். பின்னல் உறைக்குள் இருக்கும் ரப்பர் குழாயில் காற்று நிரம்பினால், அது பருத்து நீளம் குறையும்.

வயிற்றில் கட்டும் காற்றுப் பட்டையும் முன்னரே வழக்கில் இருந்தது. பட்டை உப்பும்போது உதரவிதானம் மேலெழுந்து மூச்சு வெளியேறும். தளரும்போது உதரவிதானம் தன் எடையால் இறங்கி மூச்சு உள்ளே வரும். எனவே, அமர்ந்திருப்போருக்கே அது பயன்பட்டது.

2022-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் எலன் ரோச் குழுவினர், பன்றிகளின் உதரவிதானத்தின் மேல் மென் தசைகளைப் பொருத்தி மூச்சின் அளவை உயர்த்தினர். எனினும், அது உடலுக்குள் பொருத்தப்படுவது; அணிவது அன்று.

எஞ்சியுள்ள சவால்கள்

நோயாளி மூச்சிழுக்கத் தொடங்கும் கணத்தை உணர்ந்து உடன் இயங்குவதே முதன்மைத் தேவை. நேரம் தவறினால் உதவியே இடையூறாகும். சிறிய, ஓசையற்ற காற்றழுத்தி, நீடித்த மின்கலம், தோலைப் புண்ணாக்காத துணி ஆகியவையும் தேவை. இவை கைகூடினால், முகம் மறைக்கப்படாமல் உண்ணவும் பேசவும் இயலும்.

அதுவரை முகக்கவசக் கருவிகளே நடைமுறைச் சிகிச்சையாகும். தசை நோயுள்ளோருக்குக் காலைத் தலைவலி, பகலில் மிகுதியான உறக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், சுவாசத் தசைகள் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் தாமதமின்றி மருத்துவரை அணுகுதல் அவசியம்.