ஆறு மாதத்தில் ஒரு கையொப்பம்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் கோட்டுச்சேரியையும் பூவத்தையும் கடந்தால் நண்டலாறு வருகிறது. அக்கரை தமிழ்நாடு. பஸ்ஸில் உறங்கியபடியே இதைக் கடந்துவிடலாம். ஆனால் 1954 வரை இங்கே இரண்டு ஆட்சிகள் எதிரெதிரே நின்றன என்பதை அறிவீர்களா? தஞ்சை மன்னரிடமிருந்து 1739-இல் பெற்ற காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் அதுவரை விடவில்லை.

இந்தியாவுடன் இருந்த சுங்க உடன்பாடு 1949-இல் முடிந்ததும் எல்லையில் காவல் கடுமையாயிற்று. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. இணைப்பு உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 16-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

மண் கைமாறிவிட்டது, மனிதர்கள் எந்நாட்டவர்? உடன்படிக்கை இதற்குச் சொன்ன விடை விந்தையானது. காரைக்காலில் பிறந்து அங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமகன் இந்தியக் குடிமகன் ஆவான். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் 6 மாதத்திற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே ஊரில் பிறந்து வேறு நாட்டில் வாழ்பவனுக்கோ விதி தலைகீழ். அவன் பிரெஞ்சுக்காரனாகவே நீடிப்பான். இந்தியனாக விரும்பினால் அவன்தான் எழுதித் தர வேண்டும்.

கோட்டுச்சேரியில் அண்ணன், சைகோனில் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பேனாவைத் தொடவில்லை. அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன்! இது வெறும் கற்பனைக் கணக்கன்று. பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் பணிபுரிய இந்தோசீனா சென்றவர்கள் இப்பகுதியில் பலர். தந்தை எழுதிக் கொடுத்தால் மணமாகாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளும் அவரோடு சேர்ந்தே போவார்கள். பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் நாட்டை அவன் அறியாமலே ஒரு தாள் தீர்மானித்தது. நான்கு பகுதிகளிலுமாகச் சுமார் 5,000 பேரே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொண்டனர். பெரும்பாலோர் வாளாவிருந்தனர்.

அக்கையொப்பத்தின் விலை விசா வரிசையில்தான் தெரியும். 'விசா' என்பது இலத்தீன் வழிச் சொல்; 'பார்க்கப்பட்டது' என்று பொருள். முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வர முடிந்தது. போர்க்கால ஏற்பாடு போர் முடிந்தும் போகவில்லை; 1920-இல் பாரிசில் கூடிய மாநாடு பாஸ்போர்ட்டுக்கு ஒரு பொது வடிவத்தை வகுத்தது. தூரத்தைப் பார்த்து விசா கேட்பதில்லை என்பதற்குப் பிரேசில் நல்ல சான்று. பிரேசில்காரர் கடல் கடந்து பாரிசுக்குக் குறுகிய காலப் பயணமாக விசா இன்றிப் போகலாம். தம் எல்லையை ஒட்டிய பிரெஞ்சுக் கயானாவில் கால்வைக்கவோ அவர்களுக்கு நெடுங்காலம் விசா வேண்டியிருந்தது.

கோட்டுச்சேரிக் குடும்பத்திற்குத் திரும்புவோம். தம்பியின் பேரனுக்குப் பாரிஸ் சொந்த ஊர் போல; விசா வேண்டாம். அண்ணனின் பேத்தி அவனைப் பார்க்கப் போவதென்றால் விண்ணப்பம், வங்கிக் கணக்கு, காத்திருப்பு. இதற்கு மறுபுறமும் உண்டு. தாத்தா பிறந்த வீட்டுக் கல்யாணத்திற்கு அந்தப் பேரன் வரவேண்டுமானால் இந்திய விசா வாங்கியாக வேண்டும். இல்லையேல், 2005-இல் தொடங்கிய வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை அவன் கையில் இருக்க வேண்டும்.